தமிழ்ப் படம் 2: எங்கள் சனம் கேட்ட கேள்விகளும் என்னால் இயன்ற பதில்களும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உடையார்கட்டுக்குக் கிட்ட இருக்கிறது எங்கள் ஊர். சனசமூக நிலையத்துக்கு ஒரு புரொஜெக்டர் கிடைத்த நாளிலிருந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, வெள்ளையடித்த பக்கச் சுவரில் படம் போடுகிறோம். படம் தெரிவது, வயர் இழுப்பது, முடிந்தபின் கதிரை அடுக்குவது எல்லாம் என் தலையில். போன ஆடியில் ‘தமிழ்ப் படம் 2’ போட்டேன். ஒருவர் விழுந்து விழுந்து சிரிக்க, பக்கத்துக் கதிரைக்காரர் சுவரை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரவு அது. அடுத்த நாள் காலை பாண் வாங்கப் போன இடத்தில் தொடங்கிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது. எழுதி ஒட்டிவிட்டால் வேண்டியவர்கள் வாசிக்கலாம்.

முதலில், இது என்ன வகைப் படம்? கதையே இல்லையே?

இருக்கிறது. சிவா என்ற பொலிஸ்காரன் (நடிப்பவர் பெயரும் சிவாதான்) பி என்ற வில்லனைத் துரத்துகிறான். கொடிக்கயிறு அவ்வளவுதான், அதில் காயப்போட்ட துணிகள்தான் படம். ஒவ்வொரு துணியும் வேறு யாரோ ஒருவருடைய படத்திலிருந்து எடுத்தது.

சி. எஸ். அமுதன் இயக்கி, 2018 ஜூலை 12 அன்று வெளிவந்தது. தயாரிப்பு, எஸ். சசிகாந்தின் ஒய் நாட் ஸ்டூடியோஸ். இந்த வகையைத் தமிழ்நாட்டில் ‘பகடி’ என்று எழுதுகிறார்கள். எங்கள் வாயில் எந்தச் சிரிப்புக் கதையும் ‘பகிடி’தான்; எழுத்து ஒன்று மாறினாலும் சங்கதி கொஞ்சம் வேறு. இசை நாடகத்தில் ராசா கம்பீரமாக நடந்து உள்ளே போனதும், பபூன் வந்து அதே நடையை நடந்து காட்டுவானே, அதுதான் பகடி. ராசாவைப் பார்க்காதவனுக்கு பபூனின் நடை வெறும் நொண்டல். இதை நினைவில் வைத்திருங்கள், கீழே வேண்டும்.

முதல் பாகம் பார்க்காமல் இதைப் பார்க்கலாமா?

பார்க்கலாம். ஆனால் பாதிச் சிரிப்புத்தான்.

முதல் பாகம் 2010 ஜனவரி 29 அன்று வந்தது. அமுதன் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர், அதுதான் முதல் படம். கதை சினிமாபட்டி என்ற கிராமத்தில் தொடங்குகிறது. அந்த ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால் கொடுத்துவிடுவார்கள். ஏன்? வளர விட்டால் சென்னைக்குப் போய் மசாலாப் பட நாயகனாகிவிடுகிறானாம். பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ 1994இல் பெண் சிசுக் கொலையைச் சொல்லி அழவைத்த படம். அதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். சாகப்போகிற குழந்தை தானே வாய் திறந்து பேசி, பாட்டியோடு சென்னைக்குத் தப்பிப் போகிறது.

அந்தப் பாட்டியாக நடித்தவர் பரவை முனியம்மா. ‘தூள்’ படத்தில் விக்ரம் சண்டை பிடிக்க, ‘சிங்கம் போல’ என்று பின்னால் நின்று பாடிய அதே அம்மா. படம் முழுக்க சிவா ‘டி’ என்ற கொடிய கூட்டத் தலைவனைத் தேடுகிறான். கடைசியில் டி வேறு யாருமில்லை, வீட்டில் இருந்த பாட்டிதான். ‘தூள்’ வந்தது 2003 ஜனவரியில். சண்டை ஓய்ந்து, வன்னிக்கு வரும் ஏ9 பாதை திறந்திருந்த காலம், எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு இல்லை. அதனால்தான் பின்னொரு நாள் முதல் பாகத்தை டிவிடியில் பார்த்தபோது, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமலே எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த இடத்தில் கெக்கலித்தோம். முனியம்மா 2020 மார்ச்சில் காலமானார்.

அண்ணை, வில்லனுக்கு ஏன் ‘பி’ என்று பெயர்?

முதலில் டி, இப்போது பி. தமிழ்ப் படங்களில் பெரிய வில்லனுக்கு முழுப் பெயர் வைப்பதைவிட ஓர் ஆங்கில எழுத்து வைத்தால் பயம் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதற்குத்தான் அடி. அதற்குமேல் அந்த எழுத்துக்குள் எதையும் தோண்டாதீர்கள். வாசிகசாலைத் திண்ணையில் ஒரு தம்பி அரை மணிநேரம் அரசியல் விளக்கம் தந்தான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பியாக வருகிறவர் சதீஷ். ‘எதிர்நீச்சல்’, ‘கத்தி’ ஆகிய படங்களில் நாயகனுக்குப் பக்கத்தில் நின்று நகைச்சுவை செய்தவர். கூட நிற்கிற ஆளைக் கொண்டுவந்து தலைமை வில்லனாக்கி, வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுவிட்டதே ஒரு பகிடி.

போஸ்டரில் ஏன் அந்தப் பெடியன் சமாதிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறான்?

இதைக் கேட்டது எங்கள் தெரு முனை ஆச்சி. அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய படத்தைப் பார்த்து, “உவனுக்கு ஆர் செத்தது?” என்றார்.

ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று இறந்தார். பதவிக்கு வந்த ஓ. பன்னீர்செல்வம் இரண்டு மாதத்தில் விலகல் கடிதம் கொடுத்தார். அப்புறம் 2017 பெப்ரவரி 7 இரவு, யாருக்கும் சொல்லாமல் மெரினாவுக்குப் போய், சமாதிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். சுமார் 40 நிமிடம். எழுந்து வந்து, தன்னைக் கட்டாயப்படுத்தித்தான் கடிதம் வாங்கினார்கள் என்று கமராக்களுக்கு முன்னால் சொன்னார். அவர் தொடங்கிய அந்தச் சண்டைக்குத் தர்மயுத்தம் என்று பெயர் விழுந்தது. படத்தின் முதல் போஸ்டர் அந்த இருப்பை அப்படியே எடுத்துக்கொண்டது: அதே சமாதி, அதே சம்மணம், பன்னீர்செல்வத்தின் இடத்தில் சிவா.

இதில் நான் கவனித்தது ஒன்று. முதல் பாகம் சினிமாவை மட்டும் கிண்டல் செய்தது. இரண்டாம் பாகம் தொடங்கும்போதே செய்தியைக் கிண்டல் செய்தது. இடைப்பட்ட எட்டு வருடத்தில் தமிழ்நாட்டு அரசியலே திரைக்கதை மாதிரி ஆகிவிட்டதால் இயக்குநருக்கு வேலை குறைந்திருக்கும். ஆச்சிக்கு இவ்வளவையும் விளங்கப்படுத்தினேன். “ஓமோம், ரீவியில பாத்தனான். அந்த மனுசன் உண்மையிலேயே நித்திரையாப் போச்சுதெண்டுதான் நான் நினைச்சனான்” என்றார்.

பெயர் முதலில் ‘2.0’ என்று இருந்ததாமே?

ஆம். அறிவித்தபோது ‘தமிழ்ப் படம் 2.0’. பிறகு புள்ளியும் பூச்சியமும் போய் வெறும் 2 ஆனது. ரஜினியின் ‘2.0’ வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதன் போஸ்டரில் அக்‌ஷய் குமார் பறவை மனிதன் வேடத்தில் வெளுத்த இறகும் சிவந்த கண்ணுமாக நிற்பார். சதீஷை அதே கோலத்தில் நிறுத்தி இவர்களும் ஒரு படம் விட்டார்கள்.

இப்போது திகதிகளைப் பாருங்கள். ‘தமிழ்ப் படம் 2’ வந்தது 2018 ஜூலையில். ‘2.0’ வந்தது அதே வருடம் நவம்பர் 29இல். பபூன் முதலில் வந்து ஆடிவிட்டுப் போக, ராசா நாலு மாதம் கழித்து மேடைக்கு வந்திருக்கிறார்! படம் வராமலே போஸ்டரை வைத்துக் கிண்டல் செய்ய முடிந்தது என்றால், எங்களில் பலர் அந்த நேரத்தில் படங்களைவிட போஸ்டரையும் டீசரையும்தான் அதிகம் பார்த்தோம் என்று அர்த்தம்.

இன்னொரு சுவையான சங்கதி: முதல் ‘தமிழ்ப் பட’த்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் நீரவ் ஷா. அஜித்தின் 2007 ‘பில்லா’வைப் படம் பிடித்தவர். ரஜினியின் ‘2.0’வுக்கும் அவரேதான். கிண்டல் படம் பார்க்க மலிவாக இல்லாமல் இருந்ததற்கு இதுதான் காரணம் என்பேன். நக்கல் செய்யும்போது வெளிச்சம், கமராக் கோணம், பின்னணி இசை மூன்றும் அசலைப் போலவே இருக்கவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பள்ளிக்கூடக் கலைவிழா ஆகிவிடும். இரண்டாம் பாகத்துக்கு ‘பீட்சா’வைப் படம் பிடித்த கோபி அமர்நாத் வந்தார்.

‘விக்ரம் வேதா’வைக் கிண்டல் செய்ததற்கு யாரும் கோபிக்கவில்லையா?

யார் கோபிப்பது? ‘விக்ரம் வேதா’ 2017 ஜூலையில் வந்தது. தயாரித்தது இதே ஒய் நாட் ஸ்டூடியோஸ். வேதா தானாகவே வந்து பொலிஸில் அகப்பட்டு, விசாரிக்க வந்த அதிகாரியிடம் கதை சொல்லத் தொடங்குவார் அல்லவா, அந்தக் கதை சொல்லும் விளையாட்டைத்தான் சிவாவும் சதீஷும் செய்து காட்டுகிறார்கள். சொந்த வீட்டுப் பிள்ளையைக் கிண்டல் செய்ய அயலவரிடம் அனுமதி வேண்டியதில்லை.

அன்றிரவு ஊரே ஒன்றாகச் சிரித்த இடம் இதுதான். 2017இல் எங்கள் பக்கத்தில் எல்லோர் கையிலும் ஃபோன் வந்துவிட்டது; அசலைப் பார்க்காத ஆள் இல்லை. முன்வரிசையில் பாயில் படுத்திருந்த சின்னன்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கிழவர்கள் எல்லாம் கல்லூரிப் பெடியளாக வருகிறார்களாமே, அது இதிலா?

அது முதல் பாகம். சிவாவின் நண்பர்களாக மனோபாலா, எம். எஸ். பாஸ்கர், வெண்ணிற ஆடை மூர்த்தி. அப்போது மூர்த்திக்கு எழுபது தாண்டிவிட்டது. மூவருக்கும் வைத்த பெயர்கள் சித்தார்த், பரத், நகுல். இந்தப் பெயர்களில்தான் பகிடி ஒளிந்திருக்கிறது: ஷங்கரின் ‘பாய்ஸ்’ 2003இல் அறிமுகப்படுத்திய பெடியன்களின் பெயர்கள் அவை. அந்தப் படத்தைப் பார்க்காவிட்டால் மூன்று முதியவர்கள் ரீசேட் போட்டுத் திரிகிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் பாகத்தில் வேறொரு மறைபொருள் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சின்னச் சின்ன வேடங்களில் வந்துபோகிற முகங்களில் சிலர் ஒரு காலத்தில் பெரிய இயக்குநர்கள். சந்தான பாரதி ‘குணா’, ‘மகாநதி’ எடுத்தவர். ஆர். சுந்தர்ராஜன் ‘பயணங்கள் முடிவதில்லை’, ‘வைதேகி காத்திருந்தாள்’ எடுத்தவர். மனோபாலாவும் ‘பிள்ளை நிலா’ எடுத்தவர்தான். 2023 மே மாதம் காலமானார். தமிழ்ப் பட வழக்கங்களை உண்டாக்கியவர்களே வந்து அந்த வழக்கங்கள் கேலியாவதற்குத் துணை நின்றிருக்கிறார்கள். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம் இது.

சிவா ஏன் சிரிக்கவே மாட்டார்?

சிரித்தால் படம் படுத்துவிடும். அவர் சென்னையில் ரேடியோ மிர்ச்சியில் அறிவிப்பாளராக இருந்து, 2007இல் ‘சென்னை 600028’ மூலம் தெரியவந்தவர். ‘அகில உலக சூப்பர் ஸ்டார்’ என்று பட்டம் போட்டுக்கொண்டு வந்து, மரக்கட்டை மாதிரி முகத்தை வைத்திருப்பார். நடனம் வராது, சண்டை வராது, இரண்டையும் முழு நம்பிக்கையோடு செய்வார்.

பாட்டுக்களும் பகிடியா? கேட்க நன்றாகத்தானே இருக்கிறது?

இசையமைப்பாளர் கண்ணனின் திறமையே அதுதான், பகிடி என்று சொல்லாவிட்டால் நல்ல பாட்டு என்று கேட்டுவிட்டுப் போகலாம். முதல் பாகத்தில் ‘ஓ மகசீயா’ என்று ஒரு காதல் பாட்டு. ஹரிஹரனும் சுவேதா மோகனும் உருகி உருகிப் பாடுவார்கள். வரிகளைக் கவனித்தால், தமிழ்ப் பாடல்களில் அர்த்தமில்லாமல் வருகிற சொற்களைக் கூட்டிச் சேர்த்தது: நாக்க முக்க, ரண்டக்க என்று. இரண்டாம் பாகத்தில் ‘எவடா உன்ன பெத்தா’. இது ‘வானம்’ படத்தின் ‘எவன்டி உன்னைப் பெத்தான்’ பாட்டைப் பெண் பக்கத்திலிருந்து திருப்பிக் கேட்கிறது. கஸ்தூரி ஆடுகிற பாட்டு ஒன்றும் உண்டு. ஆச்சிமார் அந்த இடத்தில் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள்.

அப்படியென்றால் ஏன் சில இடங்களில் எங்களுக்குச் சிரிப்பே வரவில்லை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் என் சித்தப்பா. ஒரு கிழமையாக இதைத்தான் யோசித்தேன். கதிரைகளுக்குப் பின்னால், புரொஜெக்டர் பக்கத்தில் நின்றபடியால் யார் எங்கே சிரிக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எண்பதுகளின் படங்களைத் தொடுகிற இடத்தில் வயதானவர்கள் சிரித்தார்கள். 2002க்கும் 2006க்கும் இடையில் வந்த படங்கள் என்றால் நாற்பது வயதுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். 2006இன் பிற்பகுதியிலிருந்து 2010, 2011 வரையான படங்கள் என்றால் சுவர் மட்டும்தான் வெளிச்சமாக இருந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏ9 பாதை திறந்தது 2002இல். கிளிநொச்சிக் கடைகளுக்குப் புதுப்பட சீடி வரத் தொடங்கியது. ‘தூள்’, ‘பாய்ஸ்’, ‘கஜினி’, ‘அந்நியன்’, ‘சந்திரமுகி’ எல்லாம் ஜெனரேற்றர் போட்டு ஒரு வீட்டில் இருபது பேராகப் பார்த்தவை. வடிவேலுவின் ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ 2006 ஜூலையில் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த கடைசிப் புதுப்படம் அது. அடுத்த மாதம் சண்டை மூண்டு பாதை பூட்டியது.

அதற்குப் பிறகு ‘சென்னை 600028’ வந்ததோ, ‘வாரணம் ஆயிரம்’ வந்ததோ எங்களுக்குத் தெரியாது. ‘வாரணம் ஆயிரம்’ 2008 நவம்பர். அந்த நவம்பரில் நாங்கள் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டு, தர்மபுரத்தில் ஒரு மாமரத்துக்குக் கீழே தறப்பாள் கட்டி இருந்தோம். ‘நாக்க முக்க’ பாட்டை ஊர் உலகமெல்லாம் 2008இல் கேட்டது. நான் முதன்முதல் கேட்டது 2010இல், வவுனியாவில் ஓர் ஓட்டோவுக்குள். அது பழைய பாட்டு என்று ஓட்டோக்காரத் தம்பி சொன்னான். முதல் ‘தமிழ்ப் படம்’ வெளிவந்த 2010 ஜனவரியில் இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் முகாமில் இருந்தோம். ராசா நடந்து போனபோது நாங்கள் அவையில் இல்லை, பபூன் வந்தபோது மட்டும் இருக்கிறோம். சிரிப்பு எப்படி வரும்?

தொண்ணூறுகள் இன்னொரு விதம். பாதையும் இல்லை, கரண்டும் இல்லை, பற்றறிகூட வன்னிக்குள் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவன் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் கசெற் போடுகிற ரேடியோவைக் கொளுவிப் பாட்டுக் கேட்ட காலம். சுற்றுகிறவன் களைத்தால் ஸ்வர்ணலதாவின் குரல் தொய்ந்து ஆண் குரலாகிப் போகும். ‘போறாளே பொன்னுத்தாயி’யை அப்படித்தான் சித்தப்பா மனப்பாடம் செய்தார். அது எந்தப் படம், அந்தப் பொன்னுத்தாயி ஏன் போகிறாள் என்று அவருக்குத் தெரியாது. பாட்டுத் தெரியும், படம் தெரியாது. கிண்டல் படங்கள் பாட்டை விட்டுவிட்டுக் காட்சியைத்தான் பிடித்து ஆட்டும், அதனால் அந்தப் பத்து வருடமும் எங்களுக்கு ஓட்டை.

ஆகவே, சித்தப்பா, குறை உங்களிலும் இல்லை, படத்திலும் இல்லை.

இப்படிக் கிண்டல் செய்வதைத் தொடங்கி வைத்தவர் இவரா?

திரையில் முழுநீளமாகச் செய்தவர் என்று அமுதனைச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்பே விஜய் ரீவியில் ‘லொள்ளு சபா’ இருந்தது. ராம்பாலா இயக்கினார். சந்தானம் வெளியே வந்தது அங்கிருந்துதான். டிஷ் அன்ரெனா வைத்திருந்த வீடுகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

‘தமிழ்ப் படம் 2’தான் அவருடைய இரண்டாவது படமா?

வந்த கணக்கில் ஆம், எடுத்த கணக்கில் இல்லை. முதல் பாகத்துக்குப் பிறகு அமுதன் ஒரு படம் எடுத்தார். பெயரே ‘இரண்டாவது படம்’; விமல், ரம்யா நம்பீசன் நடித்தது. அது பெட்டிக்குள் கிடந்துவிட்டது. ஆக, ‘இரண்டாவது படம்’ என்ற படம் இரண்டாவதாக வரவில்லை. தலைப்பில் 2 போட்ட மூன்றாவது படம் இரண்டாவதாக வந்தது. இதை யாராவது எழுதித் திரைக்கதையில் சேர்த்திருந்தால் நம்பமாட்டோம். பிறகு 2023இல் விஜய் ஆண்டனியை வைத்து ‘ரத்தம்’ எடுத்தார், அது சிரிப்புப் படமே இல்லை.

வேறு மொழியில் வந்ததா?

முதல் பாகம் 2012இல் தெலுங்கில் ‘சுடிகாடு’ ஆனது. நாயகன் அல்லரி நரேஷ். அசலை அப்படியே மொழிபெயர்த்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்பதால், தெலுங்கு நாயகர்களை வாரியிருந்தார்கள்.

நான் டிஸ்க் வாங்கினேன், உறையில் 2 இருக்கிறது, உள்ளே வேறு படம். என்ன செய்ய?

எனக்கும் நடந்தது. உறையில் இரண்டாம் பாகம், உள்ளே முதல் பாகம், அதுவும் இடைவேளையோடு நின்றுவிட்டது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். “ரெண்டும் ஒரே ஆக்கள்தானே தம்பி” என்றார். கதைத்துப் பயனில்லை.

அடுத்ததாக முதல் பாகம் போடுவீர்களா?

அப்படித்தான் நினைத்திருந்தேன். அதற்குள் சித்தப்பா, இந்தத் தாளின் முதல் பிரதியை வாசித்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். “டேய், உந்தக் கள்ளிப்பால் பகிடி கிடக்கட்டும். முதல்ல பொன்னுத்தாயி எங்க போறாளெண்டு காட்டடா” என்றார். ஆகவே வருகிற சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ‘கருத்தம்மா’. ‘தமிழ்ப் படம்’ முதல் பாகம் அதற்கடுத்த மாதம். கதிரை பத்தாது, வாங்கு இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள்.